மச்சானுக்கு எட்டாம் நம்பர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்த்த செருப்புக் கடைக்குக் கால் அளக்கும் மெஷின் வந்துவிட்டது. எடை பார்க்கும் மெஷின் மாதிரி ஒரு கண்ணாடிப் பலகை. அதன்மேல் ஏறி நின்றால் திரையில் உங்கள் பாதம் பச்சை நிறத்தில் தெரியும். நீளம், அகலம், உள்ளங்கால் வளைவு எல்லாம் எழுத்தில் வரும். அதைத் தொடங்கிவைக்கிற அன்று என்னையும் கூப்பிட்டார்கள். ரிட்டயர் ஆனவனைக் கூப்பிட்டால் ஒரு சால்வையோடு போய்விடும். நானும் ஏறி நின்றேன். முப்பத்து நான்கு வருடம் ஊரார் கால்களை அளந்தவனைப் பார்த்து மெஷின் சொன்னது, 'தட்டைப் பாதம்.' இது எனக்கு இருபது வயதிலேயே தெரியும். போலீஸ் வேலைக்குப் போய் இதே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்ட பிறகுதான் நான் செருப்புக் கடைக்கே வந்தேன்.

விழா முடிந்ததும் நந்தினி வந்தாள். என்னிடம் வேலைக்குச் சேர்ந்தவள். இப்போது அந்தக் கிளைக்கு மேனேஜர்.

"சார், இந்த ட்ரெக்கிங் ஷூ இருக்குல்ல, அத எப்படிப் பாத்து எடுக்கறதுன்னு நம்ம ஸ்டாஃபுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க சார். மெஷின் சைஸ் சொல்லிடுது. அதுக்கு மேல என்னா பாக்கணும்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல."

"ஒரு பக்கம் போதுமா?"

"ரெண்டு பக்கம்னா ஒருத்தரும் படிக்கமாட்டாங்க சார்."

ஒரு பக்கத்தில் முடிக்கத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. படிக்காதவர்கள் வழக்கம்போலப் படிக்காமல் போகட்டும்.

சேர்ந்த புதிதில் இரண்டு வருடம் நான் யார் காலையும் பார்க்கவில்லை. ஸ்டாக் ரூமில் ஏணிமேல் நின்று அட்டைப்பெட்டி எடுத்துப் போட்டேன். "ஏழு பிரவுன்!" என்று கீழேயிருந்து குரல் வரும். எடுத்துப் போடுவேன். "ஏழு இல்ல, எட்டு!" என்று மறுபடி வரும். ஊரில் பாதிப் பேருக்குத் தன் கால் என்ன நம்பர் என்று தெரியாது என்பதை அந்த ஏணிமேல்தான் கற்றேன். பிறகு என்னைச் சிதம்பரம் கிளைக்கு மாற்றினார்கள். அங்கே ஜமால் சார் மேனேஜர்.

கடை கீழ வீதியில் இருந்தது. கோயிலுக்கு வருகிறவர்கள் செருப்பைத் தொலைத்துவிட்டு நேராக எங்களிடம் வருவார்கள். மத்தியான வெயிலில், கொதிக்கும் தெருவில், பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து வருகிற பெரிய மனிதர்களைப் பார்ப்பது அந்த வேலையில் கிடைத்த இலவச இன்பம். கம்பெனி விளம்பரத்துக்குச் செலவழித்த பணம் எல்லாம் வீண். எங்களுக்குச் செருப்புத் திருடர்கள் செய்த உதவியை வேறு யாரும் செய்ததில்லை.

ஆனால் ஜமால் சார் அந்த நேரத்தில் அவர்களுக்கு ஷூ விற்கவிடமாட்டார். ரப்பர் செருப்பு ஒன்றைக் கொடுத்து அனுப்பச் சொல்வார்.

"இப்ப காலு சூட்டுல வீங்கியிருக்கு, கோவத்துல மனுசனும் வீங்கியிருக்காரு. இப்ப அளந்தா ரெண்டும் தப்பா வரும்பா. சாயங்காலம் வரச் சொல்லு."

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தேய்த்த முழுக்கைச் சட்டை, மடிக்காத கை. வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்ததும் இவர் முக்காலியைக் காலடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். உட்கார்ந்த பிறகு முகத்தை நிமிர்ந்தே பார்க்கமாட்டார். காலோடுதான் பேச்சு. "மூஞ்சியப் பாக்காத. அது விலை என்னான்னு யோசிச்சிக்கிட்டு இருக்கும்" என்பார் எங்களிடம்.

அவருடைய முறையைச் சொல்லிவிடுகிறேன். நந்தினி கேட்ட ஒரு பக்கம் இதுதான்.

நீண்ட தூரம் நடக்கிற ஷூ என்றால் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல்தான் அளக்கவேண்டும். காலையில் இருக்கும் கால் வேறு, நாள் முழுக்க நடந்த பிறகு இருக்கும் கால் வேறு. உட்காரவைத்து அளக்கக்கூடாது, நிற்கவைத்து, உடம்பின் பாரம் முழுக்கக் காலில் இறங்கிய பிறகு அளக்கவேண்டும். இரண்டு காலையும் அளக்கவேண்டும். ஒருவருக்கும் இரண்டு காலும் ஒன்றாக இருந்து நான் பார்த்ததில்லை. எது பெரிதோ அதற்குத்தான் ஷூ. நடக்கும்போது என்ன சாக்ஸ் போடப்போகிறாரோ அதைப் போட்டுக்கொண்டு பார்க்கவேண்டும். முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம், விரல்களை உள்ளே ஆட்ட முடியவேண்டும், குதிகால் மட்டும் அசையக்கூடாது.

அளப்பதற்கு இரும்புப் பலகை ஒன்று இருந்தது. அதில் நம்பிக்கை இல்லாதவர்களுக்குக் காகிதத்தில் பாதத்தை வரைந்து காட்டுவார். முதலில் பழைய செய்தித்தாளைத்தான் விரித்தாராம். யாரும் மிதிக்கமாட்டேன் என்றார்கள். எழுத்து இருக்கிற காகிதத்தைக் காலால் தொடுவதா? தெரியாமல் மிதித்த ஒருவர் குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தேர்தல் செய்திப் பக்கம் அது. அன்றிலிருந்து பழுப்புக் காகிதம்தான்.

அப்புறம் அவருடைய சரிவுப் பலகை. ஆசாரியிடம் சொல்லிச் செய்தது. ஒரு பக்கம் முழங்கால் உயரம், மறுபக்கம் தரை. ஷூவைப் போட்டுக்கொண்டு அதில் மேலிருந்து கீழே நடக்கவேண்டும். இறங்கும்போது விரல் முன்னால் போய் முட்டினால் அந்த ஷூ வேண்டாம். மலையில் ஏறும்போது மூச்சுதான் போகும், இறங்கும்போதுதான் நகம் போகும் என்பது ஜமால் சார் கணக்கு. சிதம்பரம் வட்டாரத்திலேயே உயரமான மலை எங்கள் கடைக்குள்தான் இருந்தது.

காலைத் தொடுவதுதான் பெரிய பாடு. நம்மைவிடச் சின்னவர் என்றால், பெரியவர் தன் காலைத் தொடக்கூடாது என்று இழுத்துக்கொள்வார். நம்மைவிடப் பெரியவர் என்றால், தொட்டதும் தானாக ஆசீர்வாதம் பண்ண ஆரம்பித்துவிடுவார். ஜமால் சார் இதற்கும் ஒரு பேச்சு வைத்திருந்தார்.

"டெய்லரு இடுப்புல டேப்பு சுத்தறப்ப சும்மா நிக்கறீங்கல்ல? நானும் டெய்லர்தாங்க. கொஞ்சம் கீழ வேலை செய்யறேன், அவ்ளோதான்."

சிரித்துவிட்டுக் காலை நீட்டிவிடுவார்கள். நான் பார்த்தவரை இது தோற்றதே இல்லை. இந்தப் பேச்சை வாழ்நாளில் மிக அவசியமான ஒரு நாளில் நான் சொல்லாமல் விட்டேன். அதற்குத்தான் வருகிறேன்.

ஜமால் சார் ரிட்டயர் ஆனபோது அந்தச் சரிவுப் பலகையை எனக்குக் கொடுத்தார். நான் மஞ்சக்குப்பத்துக்கு மேனேஜராகத் திரும்பினேன். கொஞ்ச வருடம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து இருபத்து நான்கு ஜோடி ட்ரெக்கிங் ஷூ வந்து இறங்கியது. கடலூரில் ஏற்றம் என்று ஒன்று இருந்தால் அது கெடிலம் பாலம். மலைக்குப் போகிற எங்கள் மக்கள் மாலை போட்டுக்கொண்டு வெறுங்காலோடு போகிறவர்கள். யாருக்கு விற்க என்று போன் போட்டுக் கேட்டேன். "டிமாண்ட் கிரியேட் பண்ணுங்க" என்றார்கள். அதாவது மலையைக் கிரியேட் பண்ணவேண்டும்.

முதல் ஜோடியை வாங்கியவர் தேவனாம்பட்டினத்தில் படகு வைத்திருப்பவர். அடியில் பல்பல்லாக இருக்கிறது, படகில் வழுக்காது என்று அவராகவே முடிவு செய்தார். ஒரே வாரத்தில் திரும்பி வந்தார்.

"சார், இது தண்ணி உள்ள பூராதுன்னு சொன்னீங்க. நெசந்தான். ஆனா மேலால பூந்த தண்ணி வெளிய வரவும் மாட்டேங்குது. ரெண்டு கால்லயும் ஆளுக்கு ஒரு குடம் தூக்கிக்கிட்டு நடக்கறேன். ஈரப் பலகையில வேற வழுக்கிக்கிட்டுப் போவுது."

அவரிடம் நான் கற்றது மூன்று. தண்ணீர் புகாத ஷூ மழைத் தூறலுக்குத்தான், ஆற்றில் இறங்குவதற்கு இல்லை. நம் ஊர் வெயிலுக்குக் காற்றுப் போகிற வலைத்துணி ஷூதான் நல்லது. பல் ஆழமாக இருந்தால் மண்ணையும் சரளையையும் பிடிக்கும், வழவழப்பான ஈரத்தை அது பிடிக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்த ஜோடியைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். மீன் வாசனை போகவே இல்லை. கடைசியில் நானே போட்டு நடந்தேன்.

உழைக்குமா என்று பார்ப்பதற்கும் வழி இருக்கிறது. ஷூவை இரண்டு கையாலும் பிடித்து வளைத்தால் விரல் மடங்குகிற இடத்தில்தான் மடங்கவேண்டும். நட்டநடுவில் மடிந்தால் வைத்துவிடவேண்டும். துணி பிழிகிற மாதிரி முறுக்கினால் கொஞ்சம் முரண்டு பிடிக்கவேண்டும். குதிகால் பக்கம் அழுத்தினால் அமுங்கக்கூடாது. முனையில் ரப்பர் மேலேறி விரலை மூடியிருக்கவேண்டும். வாங்கிய பிறகு பீரோவுக்குள் பூட்டிவைக்கக்கூடாது. எங்கள் ஊர் உப்புக் காற்றில் போடாத ஷூவுக்குத்தான் சீக்கிரம் சாவு. மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பியதை நாலு வருடம் பத்திரமாக வைத்திருந்து, திருப்பதி போகிற அன்று போட்டு, பஸ் ஸ்டாண்டிலேயே அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். தப்பு எங்கள் கடைமேல் என்று சண்டைக்கு வந்தார். ஷூ எங்கள் கடையில் வாங்கியதே இல்லை.

இவ்வளவு தெரிந்தவன் செய்த காரியத்தை இனிச் சொல்கிறேன்.

என் மனைவி வளர்மதி திட்டக்குடிப் பக்கம். விவசாயக் குடும்பம். பெண் பார்க்கப் போனபோது எங்கள் ஆட்கள் என்னைப் பற்றிக் "கம்பெனியில் சேல்ஸ்" என்று சொன்னார்கள். என்ன கம்பெனி, என்ன சேல்ஸ் என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை. கல்யாணத்தில் மாமனார் தாம்பாளத்தில் என் காலை வைத்து, பால் ஊற்றிக் கழுவினார். நிச்சயத்துக்குப் பிறகு உண்மை தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், கொஞ்சம் அழுத்தியே கழுவினார். ஆனாலும் அன்று முதல் நான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை. மரியாதையில் ஒரு குறையும் வைத்ததில்லை. நான் போனால் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார்.

வளர்மதியின் தம்பி சரவணன். எங்கள் கல்யாணத்தில் எட்டு வயது. டிகிரி முடித்துவிட்டு அரசு வேலைக்கென்று பரீட்சை எழுதிக்கொண்டே இருந்தான். கிராம நிர்வாக அலுவலர், குரூப் நான்கு, போலீஸ் என்று ஒன்றையும் விடவில்லை. அரை மதிப்பெண், ஒரு மதிப்பெண் என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியாக வனக்காப்பாளர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் பாஸ் ஆனான். வயது வரம்புக்குள் அவனுக்கு இருந்த கடைசி வாய்ப்பு அது. மிச்சம் இருந்தது நடைத் தேர்வு. இருபத்தைந்து கிலோமீட்டரை நான்கு மணி நேரத்துக்குள் நடந்து முடிக்கவேண்டும். அதற்கு இரண்டு மாதம் இருந்தது.

"மாமா இருக்கறப்ப ஷூவுக்கு என்னா கவலை?" என்று வளர்மதி போனில் அவனிடம் சொன்னாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த வீட்டில் என் தொழிலால் ஒரு காரியம் ஆகப்போவது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலையில் வரச் சொல்லவில்லை நான். சாயங்காலம் வரச் சொன்னேன். மாமனார் பஞ்சாங்கம் பார்த்துக் காலையில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பஸ் லேட். கடைக்குள் நுழையும்போது மணி பத்து பத்து. பத்தரைக்கு ராகு காலம்.

"மாப்ள, பத்தரைக்குள்ள கைக்கு வந்துடணும்" என்றார் உட்காருவதற்கு முன்பே.

நான் முக்காலியை இழுத்துப் போட்டு சரவணன் காலடியில் உட்கார்ந்தேன். கையை நீட்டியதும் அவன் இரண்டு காலையும் சோபாமேல் தூக்கிக்கொண்டான், தரையில் தேள் ஊர்கிற மாதிரி. மாமனார் எழுந்தே விட்டார்.

"மாப்ள! என்னா காரியம் பண்றீங்க? எழுந்திரிங்க மொதல்ல. தாம்பாளத்துல வெச்சி உங்க காலக் கழுவுன கை இது. நீங்க என் புள்ள காலப் புடிக்கறதா? நாலு பேரு பாக்கறாங்க."

பார்த்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். ஒருவர் பள்ளிக்கூட ஷூ வாங்க வந்த அம்மா. இன்னொருவர் நந்தினி. அவள் சமயோசிதமாக, "நான் அளந்துடறேன் சார்" என்று முன்னே வந்தாள். "பொம்பளப் புள்ள நீ, ஒனக்கு எதுக்கும்மா இந்த வேலை" என்று அவளையும் நிறுத்திவிட்டார்.

அந்த இடத்தில் ஜமால் சாரின் டெய்லர் பேச்சைச் சொல்லியிருக்கலாம். ஆயிரம் பேரிடம் சொன்ன பேச்சு. மாமனாரிடம் வாய் வரவில்லை. அவர் எழுந்து நிற்கச் சொன்னது எனக்கு உள்ளூர இனித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரார் காலெல்லாம் பிடித்தவனை ஒருவர் பிடிக்காதே என்கிறார். அதைவிட மோசம் நான் அடுத்துச் சொன்னது.

"பரவால்ல மாமா. முப்பது வருசமா பாக்கறேன். கண்ணாலயே சொல்லிடுவேன். என்னா மச்சான், எட்டுதான?"

"எட்டுதான் மாமா. எப்பவும் எட்டுதான்."

அவன் கழற்றிவிட்டிருந்த ரப்பர் செருப்பு எட்டாம் நம்பர்தான். அதில் அவன் குதிகால் ஒரு விரல் வெளியே நின்று நின்று விளிம்பு தேய்ந்திருந்தது. முதல் வாரம் சேர்ந்தவன்கூட அதைப் பார்த்திருப்பான். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பில் எட்டாம் நம்பரை எடுத்துக் கொடுத்தேன். சரிவுப் பலகை ஸ்டாக் ரூமில் சுவரோரம் சாய்ந்திருந்தது. அதை இழுத்துப்போட நேரம் இல்லை. அவன் போட்டுக்கொண்டு ஒரு சுற்று நடந்தான்.

"எப்படி இருக்குது?"

"சூப்பரா இருக்குது மாமா."

பத்து இருபத்தெட்டுக்குப் பெட்டி மாமனார் கைக்குப் போனது. காசு நான் போட்டேன், மாப்பிள்ளை சீர். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவை போன் செய்தேன். தினமும் விடியற்காலையில் வெள்ளாற்றங்கரையில் நடக்கிறானாம். பதினைந்து கிலோமீட்டர், பதினெட்டு கிலோமீட்டர் என்று ஏறிக்கொண்டே போனது. ஷூ எப்படி என்று ஒவ்வொரு தடவையும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் சூப்பர்.

நடைத் தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது திட்டக்குடியில் ஒரு காதுகுத்து. பந்தியில் சரவணன் சாம்பார் வாளியோடு வந்தான். நான் இலையைப் பார்க்கவில்லை, தொழில் புத்தி, காலைப் பார்த்தேன். வெறுங்கால். இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துக் கிடந்தது. இடது நகம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

கையைக் கழுவிவிட்டு அவனைக் கொல்லைப்பக்கம் மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன்.

"கால்ல என்னா?"

"கல்லு தடுக்கிடுச்சி மாமா."

"ரெண்டு கால்லயும் ஒரே கல்லா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"மொத நாளே கடிச்சிது மாமா. போவப் போவ சரியாயிடும்னு பாத்தேன். பஞ்சு வெச்சிப் பாத்தேன், தேங்கா எண்ணெ தடவிப் பாத்தேன்."

"ஏண்டா சொல்லல? வாராவாரம் கேட்டேனே."

"நீங்க வாங்கிக் குடுத்தது. மாமா வாங்கிக் குடுத்தது கடிக்குதுன்னு எப்படிச் சொல்றது? அக்கா சங்கடப்படும். அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னத்தான் திட்டுவாரு."

கொட்டகையில் கிடந்த சிமென்ட் சாக்குக் காகிதத்தைக் கிழித்து விரித்தேன். அவனை ஏறி நிற்கச் சொன்னேன். தயங்கினான். "அப்பா வந்துடப்போறாரு மாமா" என்று கதவைப் பார்த்துக்கொண்டே நின்றான். நான் தரையில் உட்கார்ந்து அவன் காலைப் பிடித்து, பேனாவால் சுற்றி வரைந்தேன். வலது ஒன்பது. இடது ஒன்பதரை. நான் கண்ணாலேயே சொன்னது எட்டு. எனக்கு அவமானமாக இருந்தது. கண் கலங்கியதை அவன் பார்த்துவிடக்கூடாது என்று குனிந்தே இருந்தேன். மாமனார் வருவதற்குள் காகிதத்தை மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். திருடன் மாதிரிதான் அவன் காலை நான் அளந்தேன்.

ஒன்பதரை எங்கள் கிளையில் இல்லை. சிதம்பரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரே ஜோடி இருந்தது. நானே போய் எடுத்துவந்து கொடுத்தேன். வலது காலுக்கு உள்ளே ஓர் அட்டை கூடுதலாக வைத்தேன். குதிகால் நழுவாமல் இருக்க லேஸை மேல் ஓட்டையில் வளையமாக விட்டு இழுத்துக் கட்டக் காட்டிக்கொடுத்தேன். ஷூ சரியாகிவிட்டது. நகம் சரியாகவில்லை. புது ஷூவைக் காலுக்குப் பழக்க இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். நாங்கள் ஆறு வாரத்தைத் தப்பான ஷூவைப் பழக்குவதில் கழித்திருந்தோம்.

தேர்வு அன்று மாமனாரும் நானும் போயிருந்தோம். ஒரே சாலையில் போய்த் திரும்பி, போய்த் திரும்பி நடக்கவேண்டும். மார்பில் எண் கட்டிக்கொண்டு எல்லோரும் புறப்பட்டார்கள். மாமனாருக்கு வந்த முதல் சந்தேகம், "கறுப்பு ஷூ எங்க மாப்ள? பழுப்பா இருக்குதே?"

"அது நடந்து பழக. இது தேர்வுக்கு மாமா. அப்படித்தான் பண்ணுவாங்க."

"ஓ. ரெண்டு ஷூ வேணுமா இதுக்கு?" என்று பக்கத்தில் நின்ற இன்னொரு அப்பாவிடம் பெருமையாக அதைச் சொன்னார்.

முதல் திருப்பத்தில் சரவணன் முன்வரிசையில் வந்தான். கையை ஆட்டினான். இரண்டாவதிலும் நன்றாகத்தான் வந்தான். மூன்றாவதில் இடது காலை வெளிப்பக்கமாகச் சாய்த்து வைத்தான். மாமனாருக்கு அது தெரியவில்லை, "ஆங், வுடாத, வுடாத" என்று கத்தினார். எனக்குத் தெரிந்தது. விரல் தரையில் படாமல் நடக்கப் பார்க்கிறான். கடைசிச் சுற்றில் அவனைத் தாண்டி ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

ஆறு நிமிடம். நான்கு மணி நேரமும் ஆறு நிமிடமும் ஆகியிருந்தது. நேரம் எழுதிக்கொண்டிருந்த அதிகாரி நல்ல மனிதர். "உக்காருப்பா, தண்ணி குடி" என்றார். அவ்வளவுதான் அவரால் செய்ய முடிந்தது.

சாலையோரம் உட்காரவைத்து ஷூவைக் கழற்றினேன். சாக்ஸ் சிவந்திருந்தது. அதை உருவியபோது நகமும் கூடவே வந்துவிட்டது. மாமனார் அதைப் பார்த்தார்.

"என்னடா இது?"

"கல்லு தடுக்கிடுச்சிப்பா" என்றான் சரவணன். அப்போதும் அதையேதான் சொன்னான்.

நானும் வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸில் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்து வளர்மதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "ஒங்க வேலையே அதுதானங்க" என்று மட்டும் சொன்னாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள்தான் பிறகு அப்பாவிடம் சொன்னாள். அதற்கப்புறம் திட்டக்குடியிலிருந்து எனக்குப் போன் வரவில்லை. நானும் போகவில்லை. பொங்கலுக்கு அவள் மட்டும் போய்வந்தாள். சரவணன் நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறான் என்று சொன்னாள்.

நான் ரிட்டயர் ஆவதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு மாமனார் கடைக்குள் வந்தார். பின்னாலேயே சரவணன். மாமனாருக்குச் சர்க்கரை. காலில் எரிச்சல். தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர், நல்ல ஷூ போட்டுக்கொண்டு. நான் எழுந்து நின்றேன். அவர் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். வேட்டியைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக்கொண்டார்.

"அளங்க மாப்ள" என்றார்.

நந்தினிதான் முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். உட்கார்ந்தேன். காலைப் பிடிக்கக் கை போகவில்லை.

"அன்னைக்கி நான் தடுத்ததாலதான் போச்சி" என்றார் அவர், ஷூ அடுக்கைப் பார்த்துக்கொண்டு.

"இல்ல மாமா. நீங்க என்னா கண்டீங்க? கண்ணாலயே சொல்லிடுவேன்னு பெருமை அடிச்சவன் நானு. என்னாலதான்."

"அட, என்னாலங்கறேன். நீங்க குனியத்தான செஞ்சீங்க?"

"குனிஞ்சவன் எழுந்தது என் தப்பு மாமா."

இப்படி ஒருவர் தப்பை ஒருவர் பிடுங்கிக்கொண்டிருந்தோம், ஓட்டலில் பில்லுக்குச் சண்டை போடுகிற மாதிரி. வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சரவணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நடுவில் புகுந்தான்.

"கடிக்குதுன்னு மொத நாளே வாயத் தெறந்து சொல்லாதவன் நான் ஒருத்தன் நிக்கறேனே. மூணு பேரும் சேந்துதாம்பா கெடுத்தோம். நீ மொதல்ல காலக் குடு. மாமா எவ்ளோ நேரம் குனிஞ்சிக்கிட்டே இருப்பாரு?"

மாமனார் காலைக் கொடுத்தார். ஊசி போட்டுக்கொள்கிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். சேற்றில் வெடித்த குதிகால், அகலமான பாதம். நிற்கவைத்து இரண்டையும் அளந்தேன். நந்தினி ஸ்டாக் ரூமிலிருந்து ஒரு ஜோடி கொண்டுவந்தாள். போட்டுவிட்டு, லேஸ் கட்டி, எழுந்து நிற்கச் சொன்னேன். சரிவுப் பலகையில் சரவணன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நான் கீழே உட்கார்ந்து ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.

"இங்க வலிக்குதுங்களா மாமா?"

"அதெல்லாம் இல்ல, நல்லாத்தான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். மகன் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"வலிக்குது மாப்ள. சுண்டுவிரல்கிட்ட வலிக்குது."

இதைவிட ஒரு நம்பர் பெரிதாக எடுத்துவரச் சொல்லி நந்தினியை உள்ளே அனுப்பினேன்.